ஊர் வாசலுக்கு வெளியே ஓன் டின்

எங்கள் ஊர் தனவுங்கோனில் விழுந்த சாவு எதுவும் என் கண்ணில் படாமல் சுடுகாடு போய்ச் சேர்ந்ததில்லை. பிக்குகள் வருவதற்கு முன்பே நான் போயிருப்பேன். சில வீடுகளுக்கு உயிர் போவதற்கு முன்பே போய், இன்னும் ஆகவில்லையா என்று விசாரித்துத் திரும்பியிருக்கிறேன். இதில் மிகை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பாதிச் சாவுகளைப் பின்கட்டில் தேநீர் கொதிக்க வைத்தபடி காதால்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் காது மற்றவர்கள் கண்ணைவிடக் கூர்மை.

ஓன் டின்னைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டு வந்தவன் போ லுவின். எங்கள் ஊர் இறுதிச் சடங்கு உதவிச் சங்கத்தின் தலைவன். சந்தை முனையில் மொய்ங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கிறவன். நாலாம் வகுப்பை என்னிடம் படிக்காமலே தேறியவன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டுமாம். பல வருடமாக நான் அவனோடு பேசுவதில்லை. அவன் கடைப் பெஞ்சில் உட்காருவதும் இல்லை. காரணம் போகப் போக வரும்.

"எழுதறேன். ஆனா உனக்குப் பிடிச்ச மாதிரி எழுத மாட்டேன்" என்றேன்.

"உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே எழுதுங்க டீச்சரம்மா. படிச்சுக் காட்டுனாப் போதும்."

வாசலுக்கு வந்தவனுக்கு ஊறவைத்த தேயிலையும் வறுத்த பயறும் வைக்காமல் இருக்க முடியாது. வைத்தேன். ஒரு பக்கம் எழுதுவதும் அவனுக்கு வாசிப்பதுமாக இருக்கிறேன். அவன் பயறை மட்டும் பொறுக்கித் தின்கிறான்.

ஓன் டின் கொசுவலை தைத்து விற்றவள். குள்ளம். பேசினால் கேட்பவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். அவள் கணவன் சோ மவுங் ஐராவதியில் படகுகளுக்கு மணல்திட்டு காட்டிச் செலுத்தும் வழிகாட்டி. இரண்டு மடங்களாகப் பிரிந்து கிடக்கும் எங்கள் ஊரில் வடக்கு மடத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமான பிறகு தெற்கு மடத்துப் பக்கம் குடி வந்தவன். அதுதான் அவன் செய்த தப்பு. மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தபோது, வடக்கே பிறந்தவனை வடக்கத்திப் பையன்கள்தான் தூக்குவார்கள் என்று தெற்கு சும்மா இருந்தது. தெற்கே வாழ்ந்தவனைத் தெற்குதான் தூக்கும் என்று வடக்கும் சும்மா இருந்தது. பிக்குகள் வந்து ஓதிவிட்டுப் போய்விட்டார்கள். வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், சூரியகாந்தி விதை கொறித்தார்கள், சீட்டாடினார்கள். பாடையை யாரும் தொடவில்லை. சாயங்காலம் தாண்டிய பிறகு முஸ்லிம் தையல்காரர் ஒருவரும், மீன் விற்கிறவனும், சந்தைக்கு வந்திருந்த இரண்டு வண்டிக்காரர்களும் தூக்கினார்கள். ஆளுக்கொரு உயரம். சேற்றில் வழுக்கி வழுக்கி அவர்கள் போன அழகைப் பார்த்து, விடுங்கப்பா, நான் நடந்தே வர்றேன் என்று சோ மவுங்கே சொல்லியிருப்பான்.

இதை வாசித்ததும் போ லுவின் தலையைத் தூக்கினான். "அவர் ஒண்ணும் சொல்லலையே டீச்சரம்மா."

"சொல்லியிருப்பான்னுதான் எழுதியிருக்கேன். பயறைத் தின்னு."

பாடைக்குப் பின்னால் அவர்கள் மகள் நுவே அப்பாவின் கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒற்றைக் குழந்தை. குடை அவளைவிடப் பெரிது.

ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவு அளித்து முடித்த கையோடு ஓன் டின் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். சங்கம் என்ற சொல்லே அலுவலகங்களில் கசந்த காலம் அது. நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக ஒருவர் வந்து என்ன பேசுகிறீர்கள் என்று கேட்பார். அவள் சங்கம் என்று சொல்லவில்லை. "தூக்குறவங்க" என்றே சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. "உங்க வீட்டு ஆளுங்க யாருக்குத் தோள் குடுக்க மாட்டாங்க?" யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்களாம். இப்படிக் கேட்டால்தான் உண்மை வரும் என்பாள். வந்தது. சீனர்களுக்கு மாட்டோம், குடிகாரனுக்கு மாட்டோம், வடக்கத்தியானுக்கு மாட்டோம். ஒவ்வொன்றாகப் பேசிப் பேசிக் கரைத்தாள். ஒன்றே ஒன்று கரையவில்லை.

அது தெற்குப் பெரியவர் ஊ லா பாவ் வைத்த நிபந்தனை. "ஊருக்கு வெளியில செத்த உடம்பு ஊர் வாசலைத் தாண்டி உள்ள வரக் கூடாது. இதுக்கு ஒத்துக்கோ, தெற்கு முழுக்க உன் பின்னால வரும்."

எங்கள் பக்கம் பழைய வழக்கம்தான் அது. வெளியூரில் உயிர் போனவரை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஊருக்குக் கேடு என்று நேரே வாசலுக்கு வெளியே இருக்கும் சாவடியில் கிடத்தி, அங்கிருந்தே எடுத்துப் போவோம். ஆனால் முன்பெல்லாம் தாய் தகப்பன் அழுதால் வழக்கம் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். பின்வழியாகக் கொண்டுவந்துவிடுவார்கள், பெரியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மடிப்பார்கள். விதி என்று எழுதிவிட்டால் அது அழுகைக்கு வளையாது.

ஓன் டின் என்னிடம் வந்து சொன்னாள். "எனக்கு இது பிடிக்கல டீச்சர். ஆனா தெற்கை விட்டுட்டுக் கட்டுனா, மறுபடியும் பாதி ஊருதான் தூக்கும். என் வீட்டுல நடந்தது இன்னொரு வீட்டுல நடக்கும்."

ஒத்துக்கொண்டாள். பதிலுக்கு அவள் ஒரு விதி சேர்த்தாள். வாசலில் ஒருவர் காத்திருக்கும்போது எந்த விதியையும் தளர்த்துவதானால், குழுவில் எல்லாக் கையும் உயர வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் இல்லைதான். எந்தக் கை கீழே இருந்தது என்று வெளியில் சொல்லவும் கூடாது. இல்லாவிட்டால் எண்ணெய்ச் செக்குக்காரன் வீட்டுக்கு விதி வளையும், கூலிக்காரன் வீட்டுக்கு நிமிர்ந்து நிற்கும் என்றாள். சாதாரணமாக விதியை மாற்ற நினைத்தால், பெரும்பான்மை போதும். ஆனால் யாரும் காத்திருக்காத, வெளியூரில் யாரும் சாகக் கிடக்காத நாளில் கூடித்தான் மாற்ற வேண்டும்.

தலைவர் பதவியை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பித்தவள் நாற்காலியில் உட்கார்ந்தால் அவளோடு சங்கமும் கிழடாகிவிடும் என்று சொல்லி, போ லுவினைப் பிடித்துப் போட்டாள். ஊரில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவனா என்று நான் கேட்டேன்.

"விடியுறதுக்கு முன்னால எழுந்திருக்கிறவன் இவன் ஒருத்தன்தான் டீச்சர். ஊருல எல்லாரும் தினம் ஒரு தடவை இவன் மூஞ்சியைப் பாக்கணும். ஒளிஞ்சுக்க முடியாது" என்றாள்.

ஆலோசகர் என்று பெயர் வைத்துக்கொண்டு குழுவில் ஆறாவது ஆளாக உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரே ஒரு கைதான்.

பிறகு சுற்று வட்டாரத்தில் எந்தக் கிராமத்தில் இப்படி ஒன்று தொடங்க நினைத்தாலும் ஓன் டின்னைக் கூப்பிட்டார்கள். தைத்த வலைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். வலையும் விற்கும், சங்கமும் கிளம்பும். வண்டியில் ஆரம்பிக்காதீர்கள், தோளில் ஆரம்பியுங்கள் என்பாள். பணப்பெட்டி ஒரு வீட்டில் இருந்தால் சாவி சம்பந்தமில்லாத வீட்டில் இருக்கட்டும் என்பாள். ஒரு ஊரில் செக்கு முதலாளி சவ வண்டி வாங்கிக் கொடுத்து, கதவில் தன் அம்மா பெயரை எழுதச் சொன்னார். ஓன் டின் அவர் காதருகே போய் மெதுவாகக் கேட்டாளாம்: "தாராளமா எழுதலாம் ஐயா. ஆனா ஊருல யாருக்கு உடம்பு சரியில்லாமப் போனாலும், உங்க அம்மா வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு புள்ளைங்க பயப்படுமே, பரவாயில்லையா?" வண்டி பெயரில்லாமல்தான் ஓடியது.

அக்கரைக் கிராமத்தில் நோயாளிகளையும் அதே வண்டியில் மருத்துவமனைக்கு ஏற்றினார்கள். விஷயம் தெரியாமல் ஏறிய ஒரு கர்ப்பிணி, இருக்கைக்கு அடியில் பாடைக் கயிற்றைப் பார்த்ததும் இறங்கி, புளியமரத்தடியில் பிள்ளையைப் பெற்றுக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். நடந்தே போனது மட்டும் என் சரக்கு. அதன்பிறகு ஓன் டின் போகிற இடமெல்லாம் நோயாளிக்குத் தனி வண்டி, பிணத்துக்குத் தனி வண்டி, இரண்டும் ஒரே கொட்டகையில் நிற்கவும் கூடாது என்று சொன்னாள். எங்கள் ஊரிலும் அப்படியே இரண்டு வண்டிகள் வந்தன.

இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஊர் வாசலுக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கம் முதல் வீடு டோ புவாவுடையது. அவள் மகன் தச்சன். ரங்கூனில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். சங்கத்து வண்டி போய் அவனை எடுத்து வந்தது. உடம்போடு வண்டி வாசலுக்கு வெளியே நின்றது. வீடு கூப்பிடு தூரம். டோ புவா குழுவைக் கெஞ்சினாள். கைகள் எல்லாம் உயரவில்லை. அதைப் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஓன் டின்தான் போனாள்.

"என் வீடு அந்தா தெரியுது. அவன் பாய் விரிச்சே இருக்கு. ஒரு நாழி படுக்க வச்சிட்டு எடுத்துக்கறேன்" என்றாள் டோ புவா.

"முடியாதுக்கா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் ஓன் டின்.

"உனக்கும் ஒரு புள்ளை இருக்கு" என்று மட்டும் சொன்னாள் டோ புவா. சாபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். அதன்பிறகு அவள் ஓன் டின்னோடு பேசவில்லை. ஓன் டின் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலைச்சுமையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

நுவே வளர்ந்து மாந்தலேயில் ஒரு பட்டுத்தறிக் கடையில் வேலைக்குப் போனாள். சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனையில் கிடந்தாள். தாய் பக்கத்திலேயே இருந்தாள். ஒரு நாள் வைத்தியர், வீட்டுக்கு அழைத்துப் போவதானால் போகலாம் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

நுவேக்கும் தெரிந்திருந்தது. "அம்மா, நம்ம வீட்டு ஜன்னலோரமா படுக்கணும். தையல் மெஷின் சத்தம் கேட்டுட்டே தூங்கணும். சாவடியில போட்டுடாதே" என்று சொன்னாள். இதை ஓன் டின்னே என்னிடம் சொன்னாள், பிறகு ஒரு நாள், ஒரே ஒரு முறை.

நோயாளி வண்டி மாந்தலேக்குப் போயிற்று. மகளை மடியில் சாய்த்துக்கொண்டு ஏறினாள். மழையில் பாதை பெயர்ந்து கிடந்தது. ஓட்டுநர் முடிந்த மட்டும் விரட்டினான். ஊர்ப் பகோடாவின் உச்சி மரங்களுக்கு மேலே தெரிகிற திருப்பத்தில் நுவேயின் மூச்சு நின்றது.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டான். "அக்கா, மூக்குல குழாய் அப்படியே இருக்கட்டும். உயிர் இருக்குன்னு சொல்லி உள்ள போயிடலாம். எத்தனையோ பேர் போயிருக்காங்க. நான் பாக்கல. எனக்கு எதுவும் தெரியாது."

வாசல் வந்ததும், "நிறுத்துப்பா" என்றாள் ஓன் டின்.

நுவேயைச் சாவடியில் கிடத்தினார்கள். செய்தி கேட்டு நான் ஓடினேன். குழு சாவடித் திண்டின் மேல் வட்டமாக உட்கார்ந்தது. போ லுவின், ஊ லா பாவ், மற்ற மூவர், ஆறாவதாக ஓன் டின். நான் வழக்கம்போலப் பின்னால் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தேன். ஊ லா பாவ் இருமுவதும், யாரோ மூக்கு உறிஞ்சுவதும் கேட்டது. பேச்சு நீளவில்லை. போ லுவின் வெளியே வந்தான். வாசலில் பாதி ஊர் நின்றது.

"கை எல்லாம் ஏறல" என்றான்.

"எவன் கைடா ஏறல?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அதைச் சொல்லக் கூடாது."

"அவளுக்கேவாடா? அவ கட்டுன சங்கம்டா இது."

போ லுவின் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குற்றவாளி அப்படித்தான் நிற்பான் என்று ஊர் முடிவு கட்டியது. ஊ லா பாவ் அழுதுகொண்டே வெளியே வந்தார். ஆகவே அவர் இல்லை. எனக்கும் அதே கணக்குத்தான். பெற்றவள் கண் முன்னால் விதி பேசியவன் இவன் என்று அன்றைக்கே அவனோடு பேச்சை நிறுத்தினேன். அந்த மழைக்காலம் முழுக்க அவன் மொய்ங்கா அண்டாவில் மீன் திரும்ப நீந்த ஆரம்பித்துவிட்டது, அவ்வளவு மீதம்.

நுவேயின் வாயில் காசு வைத்து, மறுநாள் சாவடியிலிருந்தே எடுத்துப் போனோம். சடங்கு முடிந்ததும் ஓன் டின் பக்கத்து மரத்தில் ஒரு கிளை ஒடித்தாள். உயிர் வண்ணத்துப்பூச்சியாகி அந்தக் கிளையில் உட்கார்ந்து ஏழு நாள் வீட்டில் தங்கும் அல்லவா. உடம்புக்குத்தான் தடை, கிளைக்கு இல்லை. "நுவே, வா, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டபடி நடந்தாள். நேர்த்தெரு இருக்க, எள்ளு வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போனாள். துக்கத்தில் வழி தப்பிவிட்டாள் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன். அந்த ஏழு நாளும் ஜன்னலோரம் கிளையைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் தையல் இயந்திரத்தைத் துணியில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் விதியை மாற்றப் பார்த்தாள். பெரும்பான்மை நிச்சயம் இருந்தது. ஊ லா பாவே சம்மதம் என்றார். யாரும் காத்திருக்காத நாளில் கூட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை நாள் குறித்தபோதும், யாருடைய தகப்பனோ மாந்தலேயில் படுத்திருப்பார், யாருடைய மருமகளோ பிழைக்கமாட்டாள் என்று செய்தி வந்திருக்கும். ஓன் டின்னே கூட்டத்தைத் தள்ளி வைப்பாள். எங்களைப் போன்ற ஊரில் யாருமே காத்திருக்காத நாள் என்று ஒன்று வருவதில்லை. இது அவளுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

போன மாதம் மேட்டுக்காட்டு ஊர் ஒன்றில் சங்கம் தொடங்க வேண்டுமென்று கூப்பிட்டார்கள். போனாள். யாருக்குத் தோள் கொடுக்க மாட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பதில் வருவதற்குள் சரிந்துவிட்டாள். எங்கள் சவ வண்டி போய் எடுத்து வந்தது. வாசலுக்கு வெளியே நின்றது. இந்த முறை குழு உட்காரவே இல்லை. போ லுவின் சாவடியைப் பெருக்கச் சொன்னான். நுவே கிடந்த பலகையிலேயே அவளைக் கிடத்தினார்கள். ஜன்னலோரம் காலியாகவே இருக்கிறது. கிளை ஒடித்துக் கூப்பிட அவளுக்கு ஆள் இல்லை, நான்தான் ஒடித்தேன். வந்தாளோ இல்லையோ.

ஊர் முழுக்கத் தோள் கொடுத்தது. தூக்க இடம் கிடைக்காமல் சண்டை வந்தது. அவள் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது, ஒன்றைத் தவிர. மகளை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு கை இடம் கொடுக்கவில்லை. அந்தக் கைக்காரன் இப்போது என் எதிரில் உட்கார்ந்து என் பயறைத் தின்கிறான். அவனைத் தலைவனாக்கியதுதான் ஓன் டின் தன் வாழ்நாளில் செய்த ஒரே தவறு என்று எழுதி முடிக்கிறேன்.

இதுவரை வாசித்தேன். போ லுவின் தட்டைத் தள்ளி வைத்தான்.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சரம்மா. ஒரு இடத்துல மட்டும் மாத்தணும்."

"எந்த இடம்? மீன் நீந்துச்சே, அதுவா?"

"இல்ல. சொல்லக் கூடாதுதான். அக்கா போயிட்டாங்க, சொல்லிடறேன். நான் கை தூக்குனேன். லா பாவ் ஐயா ரெண்டு கையும் தூக்குனாரு. எல்லாரும் தூக்குனோம். அக்கா கைதான் மடியிலயே இருந்துச்சு."

நான் கடைசிப் பக்கத்தை மறுபடி கையில் எடுத்தேன்.

"தூக்குங்கக்கான்னு கெஞ்சுனேன். உள்ள போகணும்னா புவா வீட்டைத் தாண்டித்தானே போகணும்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."